யுபிஎஸ்: எனக்குப் பிறகு மனைவிக்குச் சரி, மகனுக்கு?

நிலுவைக்கோப்பு:
எல்லோருக்கும் வணக்கம். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். பல வருஷம் தற்காலிக ஊழியராக ஓட்டிவிட்டு 2007-ல்தான் நிரந்தரம் ஆனேன். 2028 ஜூனில் ஓய்வு. மொத்தச் சேவை 21 வருஷம் வரும். என்பிஎஸ்-ல், அதாவது தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் இருந்தேன். போன வருஷம் எல்லோரும் எழுதிக் கொடுத்தபோது நானும் யுபிஎஸ்-க்கு, அதாவது ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

மனைவி வேலைக்குப் போகவில்லை. ஒரே மகன், 22 வயது, பிறவியிலேயே அறிவுசார் குறைபாடு. தனியாகச் சம்பாதிக்க முடியாது. நான் போனால் மனைவிக்கு எவ்வளவு, அவளும் போனால் பையனுக்கு எவ்வளவு? இதுதான் என் கேள்வி. அலுவலகத்தில் கேட்டால் "அறுபது சதவீதம் வரும் சார், கவலைப்படாதீங்க" என்கிறார்கள். எதில் அறுபது, யாருக்கு அறுபது என்று யாரும் சொல்லவில்லை.

பழைய_கணக்கர்:
சரியான கேள்வி சார். கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் பழைய திட்டம். 2004 ஜனவரி 1-க்கு முன்னால் சேர்ந்தவர்களுக்கு ஓய்வு பெறும்போது குடும்பத்துக்காகத் தேர்ந்தெடுக்க எதுவுமே இல்லை. எல்லாம் விதியில் இருக்கிறது. கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் குடும்ப ஓய்வூதியம், அதன் மேல் அகவிலை நிவாரணம். குறைந்தது 9,000 ரூபாய், அதிகபட்சம் 75,000. ஓய்வுக்குப் பிறகு இறந்தால் முதல் 7 வருஷம், அல்லது இறந்தவருக்கு 67 வயது ஆகியிருக்கக்கூடிய நாள் வரை, இதில் எது முன்னால் வருகிறதோ அதுவரை உயர்த்தப்பட்ட விகிதம், அதாவது 50 சதவீதம். மனைவிக்குப் பிறகு பிள்ளைகளுக்கு 25 வயது வரை. உங்கள் மகன் போன்றவர்களுக்கு ஆயுள் முழுக்க. இதற்காக மாதாமாதம் பென்ஷனில் ஒரு பைசா குறைப்பதில்லை. வேறு நாடுகளில் "மனைவிக்குப் பாதி வேண்டுமா, முழுசும் வேண்டுமா, அதற்கு உன் பென்ஷனில் இவ்வளவு குறைப்போம்" என்று பேரம் உண்டு. இங்கே அந்தப் பேரமே இல்லாமல் 1964-லிருந்து ஓடிய திட்டம் இது.

இப்போது யுபிஎஸ். 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 25 வருஷச் சேவை இருந்தால் கடைசி 12 மாத அடிப்படைச் சம்பளத்தின் சராசரியில் பாதி. அதற்குக் குறைவென்றால் மாதக் கணக்கு: 300 மாதத்துக்கு எத்தனை மாதம் என்ற விகிதம். உங்களுக்கு 252. சராசரி அடிப்படை 50,000 என்று வைத்தால் பாதி 25,000, அதில் 300-க்கு 252 என்றால் 21,000. நீங்கள் போன பிறகு அந்த 21,000-ல் 60 சதவீதம், 12,600, மனைவிக்கு. இரண்டு தொகைக்கும் அகவிலை நிவாரணம் உண்டு. சந்தாவும் முதலீடும் இடையில் குறைவில்லாமல் போயிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பாக்கி இருந்தால் தொகை அந்த அளவுக்குக் குறையும்.

25 வருஷம் முடித்தவருக்குப் பாதியில் அறுபது சதவீதம் என்றால் 30 சதவீதம். பழைய திட்டத்தின் சாதாரண விகிதமும் அதேதான். அறிவித்தபோது "குடும்பத்துக்குப் பழையபடியே வரும்" என்று பேசியது இந்தக் கணக்கை வைத்துத்தான். ஆனால் உங்களைப் போலத் தாமதமாக நிரந்தரம் ஆனவர்களுக்கு அது பொருந்தாது. பழைய திட்டமாக இருந்தால் உங்கள் மனைவிக்கு 15,000; யுபிஎஸ்-ல் 12,600. அந்த முதல் 7 வருஷ உயர்வும் இல்லை.

நிலுவைக்கோப்பு:
நன்றி சார். பையனைப் பற்றி?

பழைய_கணக்கர்:
அதைச் சொல்லத்தான் தயங்கினேன். யுபிஎஸ்-ல் குடும்பத் தொகை சட்டப்படியான துணைவருக்கு மட்டும். அதுவும் ஓய்வு பெறும் நாளில் துணைவராக இருப்பவருக்கு. அவருக்குப் பிறகு பிள்ளைகளுக்கு என்ற வரிசையே அந்த அறிவிக்கையில் கிடையாது. பழைய விதியில் மனைவி, பிள்ளைகள், விதவை மகள், விவாகரத்தான மகள், சார்ந்திருக்கும் பெற்றோர், ஊனமுற்ற உடன்பிறப்பு என்று நீண்ட வரிசை உண்டு.

ஒரேவழி:
இதுக்கு ஏன் இவ்வளவு யோசனை? மனைவி பெயருக்குப் பதிலாகப் பையன் பெயரை நாமினியாகப் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் உயில் எழுதி வைத்துவிடுங்கள். வேலை முடிந்தது.

கச்சேரிவாசல்:
ஒரேவழி, அப்படியெல்லாம் முடியாது. குடும்ப ஓய்வூதியம் நம் சொத்து இல்லை, அரசு விதிப்படி குடும்பத்துக்கு நேரடியாகக் கொடுப்பது. 1991-ல் வயலட் ஐசக் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது: அது இறந்தவரின் சொத்தில் சேராது, உயில் மூலம் யாருக்கும் கொடுக்க முடியாது. 2016-ல் நீத்து வழக்கில் தாயா மனைவியா என்ற தகராறு வந்தபோதும், வாரிசுச் சான்றிதழ் யார் கையில் இருக்கிறது என்று பார்க்காமல் விதியில் யாருக்கு என்று பார்த்தார்கள்.

நாமினி என்பது கிராஜுவிட்டி, என்பிஎஸ் இருப்பு போன்றவற்றுக்குத்தான். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் பாதி வீடுகளில் சண்டை.

மீ_ஓய்வூதியர்:
ஒரு சந்தேகம். ஓய்வுக்குப் பிறகு கல்யாணம் செய்தவர்களுக்குப் பழைய திட்டத்தில் உண்டா?

கச்சேரிவாசல்:
உண்டு அம்மா. 1989-ல் பகவந்தி வழக்கில் அந்தத் தடையை உச்ச நீதிமன்றம் எடுத்துவிட்டது. யுபிஎஸ்-ல் மேலே சார் சொன்னபடி ஓய்வு நாள்தான் கணக்கு. இதற்கு எதிராக ஒரு நாள் யாராவது வழக்குப் போடுவார்கள் என்பது என் ஊகம்.

பங்குச்சந்தைப்_பையன்:
நிலுவைக்கோப்பு அண்ணா, உங்கள் நிலையில் நான் இருந்தால் என்பிஎஸ்-க்கே திரும்பிவிடுவேன். யுபிஎஸ்-லிருந்து ஒரே ஒரு முறை என்பிஎஸ்-க்கு மாறிக்கொள்ளலாம். ஓய்வுக்கு ஒரு வருஷம் முன்னால் எழுதிக் கொடுக்க வேண்டும்.

என்பிஎஸ்-ல் கணக்கில் சேர்ந்த இருப்பில் குறைந்தது 40 சதவீதத்துக்கு ஆனுட்டி (காப்பீட்டு நிறுவனம் ஆயுள் முழுக்க மாதாமாதம் தரும் தொகை) வாங்க வேண்டும். மீதி 60 உங்கள் கையில். ஆனுட்டியில் துணைவருக்கும் நூறு சதவீதம், இருவருக்கும் பிறகு போட்ட முதல் (அசல் தொகை) வாரிசுக்கு என்று ஒரு வகை இருக்கிறது. அந்த முதல் உங்கள் மகனுக்கு வரும். யுபிஎஸ்-ல் நீங்களும் அண்ணியும் போன பிறகு மாதத்தொகை அத்தோடு சரி.

பழைய_கணக்கர்:
தம்பி சொல்வது சரி. ஆனால் ஆனுட்டி இன்று என்ன தொகையோ அதேதான் இருபது வருஷம் கழித்தும். அகவிலை நிவாரணம் கிடையாது. 58 வயது மனைவி 85 வரை இருந்தால் அந்தத் தொகையின் மதிப்பு என்ன ஆகும் என்று யோசிக்க வேண்டும்.

பங்குச்சந்தைப்_பையன்:
ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மனைவிக்கு நல்லது எது, மகனுக்கு நல்லது எது என்று இரண்டையும் ஒரே தராசில் நிறுக்க முடியாதே. பையனுக்கு 22. அவனுக்கு இன்னும் நாற்பது வருஷம் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, என்பிஎஸ்-க்கு வருகிற எல்லோருக்கும். ஓய்வு நேரத்தில் கணினித் திரையில் ஆனுட்டி வகைகள் வரிசையாக வரும். அதில் "வாழ்நாள் முழுக்க, முதல் திரும்பாது" என்பதற்கு எதிரே இருக்கும் மாதத்தொகை மற்றதை விடக் கொழுத்துத் தெரியும். பலர் அதைத் தொட்டுவிடுகிறார்கள். அவர் கண் மூடிய மாதமே எல்லாம் முடிந்துபோகும், மனைவிக்குப் பூஜ்யம். துணைவரைச் சேர்த்த வகையில் தொகை குறைவாகத் தெரிவதற்குக் காரணம், அது இரண்டு ஆயுளுக்குக் கணக்கிட்டது. ஆனுட்டி வாங்கியபின் வகையை மாற்ற முடியாது. பாலிசி கைக்கு வந்ததும் திருப்பிக் கொடுக்கச் சில நாள் அவகாசம் தருவார்கள், அவ்வளவுதான்.

வயலூர்க்காரி:
என்னுடைய அனுபவம் ஒன்று. கணவர் பழைய திட்டத்தில் ஓய்வு பெற்றவர். திட்டத்தைப் பற்றி நீங்கள் எல்லாம் பேசுவது சரி. எனக்குப் பிரச்சினை வந்தது காகிதத்தில்.

பிபிஓ-வில் (ஓய்வூதிய ஆணை) என் பெயருக்குப் பின்னால் கணவர் பெயர் சேர்த்து ஒரு மாதிரி. ஆதாரில் அப்பாவின் இனிஷியலோடு இன்னொரு மாதிரி. வங்கியில் அந்தப் பெண் இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஸ்கேலை எழுத்து எழுத்தாக நகர்த்திப் பார்த்தாள். "இதுவும் அதுவும் ஒரே ஆள்தான்னு எழுதி வாங்கிட்டு வாங்கம்மா" என்றாள். பத்து நாள் காரியம் முடியாத வீட்டிலிருந்து நான் பிரமாணப் பத்திரத்துக்கு அலைந்தேன். பிபிஓ-வில் என் பிறந்த தேதிக்கான கட்டத்தில் வெறும் கோடு. அப்போது அது பெரிதாகத் தெரியவில்லை. 80 வயதில் கூடுதல் ஓய்வூதியம் 20 சதவீதம் என்று பிறகுதான் தெரிந்தது. எனக்கு 80 எப்போது என்று அந்தக் காகிதத்துக்குத் தெரியாதே! அதற்கு வேறு தனியாக எழுதித் திருத்தி வாங்கினோம்.

ஆகவே ஓய்வு பெறப்போகிறவர்கள் பிபிஓ வந்த அன்றே மனைவியைப் பக்கத்தில் உட்கார வைத்துப் படித்துக் காட்டுங்கள். பெயர், பிறந்த தேதி, குடும்ப ஓய்வூதியத் தொகை, உயர்த்தப்பட்ட விகிதம் எந்தத் தேதி வரை என்பது, எல்லாம்.

பழைய_கணக்கர்:
அம்மா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பென்ஷன் கணக்கை மனைவியோடு கூட்டுக் கணக்காக, "இருவரில் ஒருவர் அல்லது எஞ்சியவர்" முறையில் வைத்துக்கொள்ளுங்கள். பிபிஓ-வில் மனைவி பெயர் இருந்தால் பழைய படிவம் எல்லாம் வேண்டாம். ஒரு கடிதம், இறப்புச் சான்று, பிபிஓ நகல், வயதுச் சான்று, அதிகமாக வந்தால் திருப்பித் தருகிறேன் என்ற உறுதிமொழி, அவ்வளவு போதும். புதுக் கணக்குத் திற என்று வங்கி கட்டாயப்படுத்தக் கூடாது.

இறப்பை உடனே சொல்லிவிடுங்கள். தெரியாமல் முழுப் பென்ஷன் இரண்டு மாதம் வந்து விழும், அதை எடுத்துச் செலவு செய்துவிடுவோம், பிறகு மொத்தமாகப் பிடிப்பார்கள்.

மீ_ஓய்வூதியர்:
வருமான வரியில் குடும்ப ஓய்வூதியம் சம்பளம் ஆகாது, "பிற வருமானம்" தலைப்பு. மூன்றில் ஒரு பங்கு அல்லது 15,000, எது குறைவோ அது கழிவு. புதிய வரி முறையில் அந்த 15,000 இப்போது 25,000. என் ஆடிட்டரே இதை மறந்துவிட்டார்.

தனிக்குடித்தனம்:
மத்திய அரசில் வேலை பார்க்கிறேன், பழைய திட்டம். கணவரோடு வழக்கு நடக்கிறது, குடும்ப வன்முறைச் சட்டத்திலும் ஒன்று, விவாகரத்தும் ஒன்று. நாளைக்கு எனக்கு ஏதாவது ஆனால் பென்ஷன் அவருக்கா போகும்? நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது. இரண்டு பிள்ளைகள், ஒருத்திக்கு 19, ஒருத்தனுக்கு 12.

கச்சேரிவாசல்:
போகாமல் தடுக்க வழி இருக்கிறது மேடம். 2024 ஜனவரியில் ஓய்வூதியத் துறை உத்தரவு போட்டது. விவாகரத்து வழக்கோ, குடும்ப வன்முறை, வரதட்சணைச் சட்டங்களில் வழக்கோ நிலுவையில் இருந்தால், கணவருக்கு முன்னால் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும் என்று பெண் ஊழியர் அலுவலகத் தலைவரிடம் எழுதிக் கொடுக்கலாம். வழக்கு நடக்கும்போதே அவர் இறந்துவிட்டால் அந்தக் கோரிக்கைப்படி நடப்பார்கள்.

ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பிள்ளை மைனராக இருந்து, கணவரே அவனுக்குக் காப்பாளராக இருந்தால், காப்பாளர் என்ற முறையில் பணம் அவர் கை வழியாகத்தான் வரும். பிள்ளைகள் இருவரும் தகுதி இழந்த பிறகு கணவருக்குப் போகும், அவர் மறுமணம் செய்யாமல் இருந்தால். இன்றைக்கே எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையோடு நகல் வாங்கி வையுங்கள். மனதில் நினைத்தது கோப்பில் ஏறாது.

தனிக்குடித்தனம்:
திங்கட்கிழமையே கொடுத்துவிடுகிறேன். மிக்க நன்றி.

மாநிலத்தான்:
நாங்கள் மாநில அரசு. எங்களுக்கும் இதேதானா?

பழைய_கணக்கர்:
இல்லை. பழைய திட்டத்தில் இருப்பவர் என்றால் உங்களுக்கு 1978 தமிழ்நாடு ஓய்வூதிய விதிகள், அதில் குடும்ப ஓய்வூதியத்துக்கு விதி 49. உதாரணத்துக்கு மத்திய அரசில் 40 சதவீதம் வரை கம்யூட்டேஷன் (பென்ஷனில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து மொத்தத் தொகையாக முன்பே வாங்குவது), உங்களுக்கு மூன்றில் ஒரு பங்கு. இதில் கொடுத்த தொகைகளை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். தனி இழை தொடங்குங்கள், அங்கே பேசலாம்.

நிலுவைக்கோப்பு:
கம்யூட்டேஷன் என்றதும் ஞாபகம் வந்தது. யுபிஎஸ்-ல் ஓய்வின்போது இருப்பில் 60 சதவீதம் வரை எடுக்கலாம் என்கிறார்களே? வீட்டுக் கடன் பாக்கி இருக்கிறது. 30 சதவீதம் எடுத்து அடைத்துவிடலாமா என்று யோசித்தேன். பழைய திட்டத்தில் எல்லோரும் கம்யூட் செய்து வீடு கட்டினார்களே.

பழைய_கணக்கர்:
இங்கேதான் பலர் விழப்போகிறார்கள். பழைய திட்டத்தில் நாற்பது சதவீதத்தைக் கம்யூட் செய்தாலும் மனைவிக்கான குடும்ப ஓய்வூதியம் ஒரு ரூபாய் கூடக் குறையாது, அது கடைசிச் சம்பளத்தை வைத்துத்தான் கணக்கு. உங்கள் பென்ஷனும் 15 வருஷத்தில் முழுதாகத் திரும்பிவிடும். யுபிஎஸ்-ல் எடுத்த விகிதத்துக்கு மாதத்தொகை குறைகிறது. மனைவிக்கு வருவது "இறப்பதற்கு முன்னால் அவர் பெற்றுவந்த தொகையில் 60 சதவீதம்". ஆக, குறைந்ததில் அறுபது.

உங்கள் கணக்கு: 30 சதவீதம் எடுத்தால் 21,000 என்பது 14,700 ஆகும். மனைவிக்கு 12,600-க்குப் பதில் 8,820. முழு 60 சதவீதத்தையும் எடுத்தால் உங்களுக்கு 8,400, அவருக்கு 5,040. வீட்டுக் கடன் அடையும், ஆனால் அதை அடைக்கப்போவது உங்கள் மனைவியின் சாப்பாட்டுப் பணம். கொஞ்சம் கடுமையாகச் சொல்கிறேன், மன்னிக்கவும்.

கடனுக்கு வேறு பணம் இருக்கிறது. யுபிஎஸ்-ல் முடித்த ஒவ்வொரு ஆறு மாதத்துக்கும் சம்பளம், அகவிலைப்படி சேர்ந்ததில் பத்தில் ஒரு பங்கு மொத்தத் தொகையாக உண்டு. இதற்காக மாதத்தொகை குறையாது. உங்களுக்கு 42 அரையாண்டு. அடிப்படைச் சம்பளத்தை மட்டும் வைத்தாலே 2,10,000. கிராஜுவிட்டி ஒவ்வொரு அரையாண்டுக்கும் கால் மாதச் சம்பளம். அதுவும் அடிப்படையை மட்டும் வைத்து 5,25,000. அகவிலைப்படி சேர்ந்தால் இரண்டும் கூடும்.

நிலுவைக்கோப்பு:
அம்மாடி. 8,820 என்று பார்த்ததும் வயிறு கலங்கிவிட்டது. இருப்பில் கை வைக்கப்போவதில்லை.

கச்சேரிவாசல்:
சார், இன்னொன்றை யாரும் சொல்லவில்லை. பணியில் இருக்கும்போதே இறந்தால் எந்த விதி என்று நீங்கள் விருப்பம் கொடுத்திருக்கிறீர்களா? என்பிஎஸ், யுபிஎஸ் இரண்டிலும் இருப்பவர்கள் பணிக்கால இறப்புக்குப் பழைய ஓய்வூதிய விதிகளைத் தேர்ந்தெடுக்க முடியும். அப்படித் தேர்ந்தெடுத்தவர் இறந்தால் மனைவிக்கு முதல் 10 வருஷம் கடைசிச் சம்பளத்தில் 50 சதவீதம், பிறகு 30. மனைவிக்குப் பிறகு உங்கள் மகனுக்கு ஆயுள் முழுக்க. அரசின் பங்கு அரசுக்கே திரும்பும், உங்கள் சந்தாவும் அதன் வளர்ச்சியும் நாமினிக்கு.

இதில் இருக்கிற கொடுமையைப் பாருங்கள். 2028 ஜூன் 29-ல் ஒருவர் போனால் அவருடைய ஊனமுற்ற மகனுக்கு ஆயுளுக்கும் பாதுகாப்பு. ஜூலை 1-ல் போனால் அந்த மகனுக்கு மாதத்தொகை என்று ஒன்றுமில்லை. ஒரே ஆள், ஒரே சேவை, ஒரே பிள்ளை. ஊழியர் சங்கங்கள் சம்பளக் குழுவுக்கு எழுதும் மனுவில் முதல் வரியாக இருக்க வேண்டியது இது. சேவை வருஷம், சதவீதம் என்று பேசிப் பேசி இந்தப் பிள்ளைகளை விட்டுவிட்டார்கள்.

பங்குச்சந்தைப்_பையன்:
இதைத்தான் நானும் சொல்ல வந்தேன்.

வயலூர்க்காரி:
தம்பி நிலுவைக்கோப்பு, பையனுக்கு ஊனச் சான்று, யூடிஐடி அட்டை (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) எல்லாம் கையில் இருக்கிறதா? சட்டபூர்வக் காப்பாளர் யார்?

நிலுவைக்கோப்பு:
யூடிஐடி இருக்கிறது அக்கா. காப்பாளருக்கு இதுவரை எதுவும் செய்யவில்லை. நாங்கள்தானே அப்பா அம்மா?

கச்சேரிவாசல்:
18 வயது வரைதான் தானாகவே நீங்கள் காப்பாளர். அதற்குப் பிறகு 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட அளவிலான குழுவிடம் விண்ணப்பித்து வாங்க வேண்டும். அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், பெருமூளை வாதம், பல்வகை ஊனம் ஆகியவை அந்தச் சட்டத்தில் வரும். குழுவில் கலெக்டர் இருப்பார். எந்தத் திட்டத்தில் பணம் வந்தாலும், பையன் பெயரில் வருவதை எடுத்துச் செலவழிக்க ஒரு காப்பாளர் வேண்டும். உங்களுக்குப் பிறகு யார் என்பதையும் இப்போதே பேசி முடியுங்கள். சித்தப்பா பார்த்துக்கொள்வார் என்று வாய்வார்த்தையில் விடாதீர்கள்.

நிலுவைக்கோப்பு:
தம்பி ஒருவன் இருக்கிறான், நல்லவன். ஆனால் அவனுக்கும் வயது 54. அவன் மகளிடம் பேச வேண்டும்.

சரி, நான் புரிந்துகொண்டது இவ்வளவு. பணிக்கால இறப்புக்கான விருப்பப் படிவம் என் சேவைப் புத்தகத்தில் இருக்கிறதா, அதில் எதை டிக் செய்திருக்கிறேன் என்று நாளைக்கே பார்க்கிறேன். மனைவிக்கு யுபிஎஸ் நல்லது, மகனுக்கு என்பிஎஸ் நல்லது. இதில் முடிவு எடுக்க எனக்கு எது வரை நேரம்?

பழைய_கணக்கர்:
2028 ஜூன் 30 ஓய்வு என்றால் 2027 ஜூனுக்குள். கடைசி வாரம் வரை வைத்திருக்காதீர்கள், டிடிஓ (சம்பளப் பட்டியல் போடும் அதிகாரி) விடுப்பில் போய்விடுவார். அதற்குள் என்பிஎஸ் இருப்பு எவ்வளவு வரும் என்று கணக்கு எடுத்து, 40 சதவீதத்துக்கு இருவர் ஆயுள், முதல் திரும்பும் வகையில் மாதம் எவ்வளவு என்று இரண்டு மூன்று காப்பீட்டு நிறுவனங்களிடம் எழுதி வாங்குங்கள். அந்தத் தொகையை 12,600 பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். வெறுங்கையில் பேசினால் நானும் தம்பியும் இங்கே வருஷக்கணக்காக வாதாடுவோம்.

பங்குச்சந்தைப்_பையன்:
இருப்பு அறிக்கை வந்ததும் இதே இழையில் போடுங்கள் அண்ணா. பெயர், பிரான் எண்ணை (ஓய்வூதியக் கணக்கு எண்) மட்டும் மறைத்துவிடுங்கள்.